இடப்பக்கம் சுற்றும் கும்மி

கையில் இரண்டு தட்டு, நெஞ்சில் ஒரு தட்டு. நிலந்தி அதைத் தப்பில்லாமல் செய்து முடித்ததும், ரப்பர் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு எழுந்து பின்பக்கம் ஓடினாள். சிரிப்பை அடக்கத்தான் ஓடினாள். ஆனால் நிலந்தி அவளுக்கு வாந்தி வருகிறது என்று நினைத்தாள். நிலந்திக்கே அப்போது ஐந்தாம் மாதம். யார் எழுந்து ஓடினாலும் அவளுக்கு வாந்திதான் ஞாபகத்துக்கு வரும்.

காலையில் வெட்டிய ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்தாகிவிட்டது. வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் ஒருத்தியும் போகவில்லை. இந்த வேடிக்கையை விட்டுவிட்டுப் போய் வீட்டில் என்ன செய்ய? நடுவில் விஜயகலா நின்றாள். அவள் நிலந்தியின் கணவன் சதீஸுக்கு அண்ணன் பெண்டாட்டி. எஹலியகொட பக்கத்துத் தோட்டங்களில் அவள் குரலுக்கு இணை கிடையாது. அது அவளுக்கும் தெரியும். வருடாவருடம் மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரிக்கு நடுவில் நின்று கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

“நெஞ்சுல பட்டும் படாம வைக்காத. சத்தம் கேக்கணும். ஆத்தாவுக்குக் கேக்க வேணாமா?”

“இப்படியா அக்கா?”

“ஆங், அப்பிடித்தான். கெட்டிக்காரி. இப்ப எடது கால எடு. எடப்பக்கமாத்தான் சுத்தணும்.”

தோட்டத்தில் பிறந்த நண்டு சுண்டுக்குக்கூடத் தெரியும், கும்மி வலப்பக்கம் சுற்றும் என்று. கையோடு கைதான் தட்டும், நெஞ்சுக்குப் போகாது. இடப்பக்கமாகச் சுற்றி, நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடுவது வேறு. அதற்கு நடுவில் முளைப்பாரி இருக்காது. பிணம் இருக்கும். அதற்கு மாரடிப்பாட்டு என்று பெயர். குருவிட்டவுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் கிராமத்தில் பிறந்து, பன்சலையில், புத்த கோயிலில், வெள்ளைச் சட்டை போட்டு வளர்ந்த பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? அவளுக்கு வட்டம் என்றால் வட்டம்தான்.

அவள் ஊரில் வட்டம் போட்டு ஆடுவது லீகெளி. இரண்டு கையிலும் வர்ணம் பூசிய குச்சிகளை வைத்துக்கொண்டு, முன்னால் வருகிறவளின் குச்சியில் ஒரு அடி, பின்னால் வருகிறவளின் குச்சியில் ஒரு அடி என்று சுற்றி வருவார்கள். பாடசாலை நாட்களில் பெரஹரா ஊர்வலம்தோறும் ஆடியிருக்கிறாள். அதில் ஒரு வசதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு குச்சியை நீட்டினாலும் எதிரில் இன்னொரு குச்சி வந்து நிற்கும். நீட்டிய கையை யாரும் அந்தரத்தில் விடமாட்டார்கள், விட்டால் ஆட்டமே நின்றுபோகும். கும்மியும் அப்படித்தான் என்று நிலந்தி நினைத்துக்கொண்டாள். குச்சி இல்லை, அவ்வளவுதானே.

அவளுக்கு இந்த வட்டத்துக்குள் வந்தே ஆக வேண்டியிருந்தது. மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வந்த தமிழ்ப் பையனோடு கிளம்பிப் போன நாளோடு அவளுடைய அம்மா அவளைத் தலைமுழுகிவிட்டாள். பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று போன் செய்தபோது, மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. இங்கே மாமியார் இருளாயி அவளை அடுப்படிக்குள் விடுவதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் காம்பராவின் பின்பக்கம் தகரம் இறக்கிய சாய்ப்பில்தான் அவளும் சதீஸும் குடித்தனம். தன் தம்பி மகளைச் சதீஸுக்குக் கட்டி வைக்க நினைத்திருந்தவள் இருளாயி. அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவில்லை, ஆறுகிற ஆளும் அவள் இல்லை. நிலந்தி கொண்டுபோய் வைத்த தேத்தண்ணியை ஒருநாள்கூட அவள் தொட்டது கிடையாது. இலையான் மொய்த்து, விழுந்து மிதக்கும்வரை அப்படியே இருக்கும்.

வலி எடுக்கும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும், நிலந்திக்கு இருந்த ஆசை அதுதான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அதனால்தான் விஜயகலா ஒருநாள் தானாக வந்து, “இந்த வருசம் நீ ஒரு பாட்டு எடுத்துக் குடு. ஆத்தா முன்னாடி பாடிட்டா மாமி ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஒனக்கு வளையல் போடுறதும் நடக்கும்,” என்று சொன்னபோது நிலந்தி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விஜயகலாவுக்கே ஒரு கணம் எப்படியோ ஆகிவிட்டது. ஒரு கணம்தான்.

பாட்டு இப்படிப் போகும்:

பச்ச மூங்கி வெட்டி வந்து
பல்லாக்குக் கட்டயில – என் தாயே
பாத்து நிக்க முடியலியே
பாதகத்தி என்னால

மாலயும் வந்திருச்சு
மேளமும் வந்திருச்சு – என் தாயே
மகராசி நீ மட்டும்
மொகம் பாக்க மாட்டியே

நிலந்தி பேசும் தமிழ் கடையில் சாமான் வாங்கவும், “சாப்டீங்களா” என்று கேட்கவும் போதும். இந்தப் பாட்டில் மாலையும் மேளமும் தாயும் அவளுக்குப் புரிந்தன. மீதியும் அம்மனைப் பற்றித்தான் இருக்கும் என்று நம்பினாள். சொல்லச் சொல்ல வாய்க்குள்ளேயே திருப்பித் திருப்பிப் போட்டு மனப்பாடம் செய்தாள். குரலும் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் விஜயகலாவுக்கு எரிச்சலாக இருந்தது.

நிலந்தி போன பிறகு, அந்தப் பெண்களில் கோகிலா மட்டும் ஒருமுறை வாய் திறந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. “அக்கா, வயித்துல புள்ளயோட இருக்குறவ. எழவு வீட்டுப் பக்கமே போக விடமாட்டோம். இவள எழவுப் பாட்டே பாட வைக்கிறோமே?”

“சிங்கள ஆளுகளுக்கு அதெல்லாம் கெடையாதுடி.”

“ஆத்தா முன்னாடி வேற…”

“பாடுறவளுக்குத்தானே பாவம். நாமளா பாடப் போறோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் இருந்தால் அடுத்த வட்டத்தில் தனக்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவளைப் பாடவும் அவர்களிடம் பாட்டு இருக்கிறது.

இருளாயிக்கு இதை யாரும் போய்ச் சொல்லவில்லை. சாய்ப்புக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டி. சாயந்தரம் நிலந்தி தேங்காய் துருவிக்கொண்டே பாடியது அப்படியே உள்ளே கேட்டது. இருளாயி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தன் புருஷன் செத்த அன்று, தாயே என்ற இடத்தில் ராசாவே என்று மாற்றி, அவளைச் சுற்றி நின்று பாடிய பாட்டு அது. யார் வேலை என்று புரிய அவளுக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. முதலில் எழுந்துபோய் வாயை மூடச் சொல்லத்தான் நினைத்தாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள். திருவிழாவில் தோட்டமே கூடியிருக்கும், பூசாரி இருப்பார், தோட்டத் தலைவர்மார் இருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் இவள் இதைப் பாடினால் அதற்குப் பிறகு இவளை லயத்தில் வைத்துக்கொள் என்று எவன் சொல்லுவான்? இருளாயி வெற்றிலையை நிதானமாக மெல்லத் தொடங்கினாள்.

சதீஸ் ஆறு மணிக்கு வந்தான். கால் முழுக்கக் குழிச் சேறு. பீலித் தண்ணீரில் கழுவிக்கொண்டு தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தவனை நிலந்தி உட்காரச் சொன்னாள். அவர்கள் இருவருக்குள் பேச்சு சிங்களத்தில்தான். “ஒன்று காட்டுகிறேன், சிரிக்கக் கூடாது,” என்றாள். துணி காயப்போடும் கயிற்றுக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடைத்த கொஞ்ச இடத்தில் இடப்பக்கமாகச் சுற்றி, கையில் இரண்டு தட்டு, நெஞ்சில் ஒரு தட்டு என்று அந்தப் பாட்டை முழுவதும் பாடினாள்.

சதீஸின் கை துவாயோடு தலையிலேயே நின்றுவிட்டது. அப்பா செத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் நெஞ்சில் வளையல் உடைந்து ரத்தம் வந்ததை வாசலில் நின்று பார்த்தவன் அவன். இப்போது தன் பிள்ளையைச் சுமக்கிறவள், வேர்த்த முகத்தோடு சிரித்துக்கொண்டு, அதே நெஞ்சடியை அவனுக்கு ஆடிக் காட்டுகிறாள்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“கலாக்கா. நான்தான் பாடப் போகிறேன். தனியாக!”

தட்டிக்கு அந்தப் பக்கம் இருளாயி இருமினாள். அது சும்மா வந்த இருமல் இல்லை என்று சதீஸுக்குத் தெரியும். அந்த இருமலைக் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான். சொல்லிவிட ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் அவனுக்குத் தெரிந்தது. அண்ணியோடு சண்டை, அண்ணனோடு சண்டை, அம்மா சாய்ப்புத் தகரத்தைக் கழற்றச் சொல்லுவாள். ஆற்றங்கரையில் சாராயத்துக்கு உட்காரும் பையன்கள், “சிங்களத்தி முந்தானையப் புடிச்சவன்” என்று மறுபடியும் ஆரம்பிப்பார்கள். இப்போதுதான் கொஞ்ச நாளாக அந்தப் பேச்சு ஓய்ந்திருந்தது. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அண்ணியிடம் தனியாகச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கோழை எப்போதும் நாளைக்கு வீரன்தான்.

“நல்லா இருக்கா?” என்று நிலந்தி கேட்டாள், தமிழில்.

“ஹொந்தாய்,” என்றான் அவன். நன்றாக இருக்கிறது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவள் ‘மகராசி’ என்ற சொல்லை ‘மஹாராச்சி’ என்று பாடியிருந்தாள். அவன் அதைத் திருத்தினான். “மகராசி. ம-க-ரா-சி,” என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தான். பெண்ணுக்கு மகராசி, ஆணுக்கு மகராசன் என்றுகூட விளக்கி, அவள் சரியாகச் சொல்லும்வரை சொல்லிக் கொடுத்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. ஏதாவது பேச வேண்டியிருந்தது, கையில் கிடைத்தது அதுதான்.

அண்ணியிடம் அவன் சொல்லவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

திருவிழா அன்று மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்களுக்குக் கீழே தரை சொதசொதவென்று இருந்தாலும் கோயில் முற்றத்தில் மணல் கொட்டிப் பரத்தியிருந்தார்கள். பகல் சாப்பாடு முடிந்து, முளைப்பாரிச் சட்டிகளைப் பெண்கள் தலையில் சுமந்து வந்து நடுவில் இறக்கி வைத்தார்கள். இருட்டு அறையில் வளர்த்த முளைகள் வெளிறி மஞ்சளாக நின்றன. ஓரத்தில் மாவனல்லையிலிருந்து வந்த மைமூனா வளையல் கடை போட்டிருந்தாள். எஹலியகொட வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துத் திருவிழாவும் மைமூனாவின் வளையல் இல்லாமல் நடந்ததில்லை. கோயிலுக்கு வெளியே ஒரு பலாமரத்தடி அவளுக்கென்றே விடப்பட்டிருந்தது. காலையில் நிலந்தி அவளிடம் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு, சிங்களத்தில், “அக்கா, இன்றைக்கு நான் பாடுகிறேன், பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்,” என்று சொல்லியிருந்தாள். வளையலை அவள் போட்டுக்கொள்ளவில்லை. மாமி கையால் போடட்டும் என்று இடுப்பில் செருகியிருந்தாள்.

விஜயகலா முதலில் இரண்டு பாட்டு எடுத்துக் கொடுத்தாள். வட்டம் வலப்பக்கமாகச் சுற்றியது. தப்புப் பறை அடிப்பவர்கள் காய்ச்சிய தோலில் விளாசினார்கள். பிறகு விஜயகலா ஒதுங்கிக்கொண்டு, “இப்ப எங்க கொழுந்தன் பொண்டாட்டி பாடும்!” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கூட்டம் கொஞ்சம் நெருங்கியது. சிங்களத்தி கும்மி பாடுகிறாளாம் என்று ஆண்கள்கூட எழுந்து வந்தார்கள். சதீஸ் தேர்க் கொட்டகைத் தூண் பக்கம் நின்றான். நிலந்தி அவனைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

பிறகு இடது காலை எடுத்து வைத்து, பச்ச மூங்கி வெட்டி வந்து, என்று ஆரம்பித்தாள்.

கும்மியில் ஒருத்தி பாடியதை மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். யாரும் பாடவில்லை. யாரும் நகரவில்லை. வலப்பக்கம் பார்த்து நின்ற வட்டத்துக்குள் அவள் ஒருத்தி மட்டும் இடப்பக்கமாகச் சுற்றி வந்தாள். தன் பாட்டைக் கேட்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினாள். தப்புக்காரர்களில் மூத்தவருக்குக் கையும் காதும் ஒன்று. அவர் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் கை பாட்டுக்கு ஏற்ற அடிக்குப் போய்விட்டது. இழவு அடி. மூன்று நான்கு அடி விழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. குச்சியைத் தீயைத் தொட்டவர்போலக் கீழே போட்டார்.

அந்த அமைதியில் நெஞ்சில் விழுந்த தட்டு கணீரென்று கேட்டது. யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். இருளாயி இதற்காகவே முன் வரிசையில் நின்றவள், கொண்டை அவிழ்ந்து தொங்க வட்டத்துக்குள் பாய்ந்து வந்தாள்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா நாயத்த! ஆத்தா முன்னாடி எழவுப் பாட்டுப் பாடுறா! எங் குடியக் கெடுக்க வந்தவ! இவள இனி நான் எங்க வச்சிக்கிறது, நீங்களே சொல்லுங்க!”

நிலந்தி ஒரு கையை நெஞ்சில் வைத்தபடியே நின்றாள். மாமி இத்தனை வார்த்தை அவளைப் பார்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. அதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. பிழை எங்கே, காலிலா, வார்த்தையிலா என்று தெரியாமல் விஜயகலாவைப் பார்த்தாள். விஜயகலா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலா அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அவளும் இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் பலாமரத்தடியிலிருந்து மைமூனாதான் எழுந்து வந்தாள். கோயில் முற்றத்துக்குள் கால் வைக்காமல் ஓரத்திலேயே நின்று சொன்னாள்.

“துவே, ஓக்க மளகெதர கியன சிந்துவக்.”

மகளே, அது சாவு வீட்டில் பாடும் பாட்டு. மைமூனா அதற்கு மேலும் கொஞ்சம் சொன்னாள். வயிற்றுப் பிள்ளைக்காரி பாடவே கூடாத பாட்டு என்று சொன்னாள். யார் சொல்லிக் கொடுத்த பாவம் இது என்றும் கேட்டாள். நிலந்தி அதையெல்லாம் கேட்டாளா தெரியவில்லை. அவள் திரும்பித் தூண் பக்கம் பார்த்தாள். இடுப்பிலிருந்த வளையல்கள் மெல்லச் சத்தம் போட்டன.

“ஓயா தெனகென ஹிட்டியாத?”

நீ தெரிந்துதான் இருந்தாயா? அதைக் கத்திக் கேட்கவில்லை. வீட்டில் சோறு போடவா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். அங்கே நின்ற எல்லோருக்கும் சிங்களம் தெரியும். எல்லோரும் சதீஸைப் பார்த்தார்கள்.

“சும்மா… பகிடிக்குன்னு…” என்றான் அவன், தமிழில். அவனும் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது.

அம்மா கைவிட்டபோது நிலந்திக்கு அழுகை வந்தது. மாமி தேத்தண்ணியைத் தொடாதபோதும் வந்தது. இப்போது வரவில்லை. ம-க-ரா-சி என்று அவன் வாயைக் குவித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தது மட்டும் நினைவுக்கு வந்தது. அவள் முளைப்பாரியை விட்டுவிட்டு வட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். இருளாயி பிடித்த கையை உதறினாள். தூணுக்குப் பக்கத்தில், அவனுக்கு நேர் எதிரே போய் நின்று, இடது காலை எடுத்து வைத்தாள். கையில் இரண்டு தட்டு. நெஞ்சில் ஒன்று. இந்த முறை விரல்கள் பதியும்படி அடித்துக்கொண்டாள்.

பச்ச மூங்கி வெட்டி வந்து
பல்லாக்குக் கட்டயில – என் சதீசு

லயத்தில் எந்தப் பெண்டாட்டியும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். நிலந்தியும் வந்த கொஞ்ச நாளில் அதைக் கற்றுக்கொண்டு, ‘இவங்க’ என்றுதான் சொல்லி வந்தாள். இப்போது அந்தப் பேர் பாட்டில் தாய் இருந்த இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. சதீஸுக்குப் பக்கத்தில் தோள் உரச நின்ற பையன்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். அவனைச் சுற்றி இடம் விட்டது. அந்த இடத்தில் நிலந்தி சுற்றினாள்.

“நிறுத்துடி! ஐயோ, எம் புள்ள உசுரோட நிக்கிறான்டி! நிறுத்தச் சொல்லுங்களேன்!” இருளாயியின் குரல் உடைந்துவிட்டது. அவள் மகனிடம் ஓடப் பார்த்தாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றைக் குறுக்கே வெட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. பூசாரி திருநீற்றுத் தட்டோடு படியிலேயே நின்றுவிட்டார். விஜயகலாவின் வாய் அவளை அறியாமல் அசைந்தது. அடுத்த வரி அவளுக்கு மனப்பாடம்.

மகராசன் நீ மட்டும்
மொகம் பாக்க மாட்டியே

சதீஸ் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். விலகி ஓடியிருக்கலாம். அவன் இரண்டும் செய்யவில்லை. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து, கட்டிவிட்டதுபோலப் பெருவிரலோடு பெருவிரல் தொட நின்றான். நிலந்தி இடப்பக்கமாக, நிதானமாக, தன் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவனைச் சுற்றி வந்தாள்.